துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கலாமா? காட்டுப்பன்றித் தொல்லையும் மதுரை விவசாயிகளின் சந்தேகமும்!

மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாளும், நிலக்கடலை முற்றும் நாளும் விவசாயியைவிடக் காட்டுப்பன்றிக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது கால் ஏக்கர் காணாமல் போயிருக்கும். தின்பது கொஞ்சம், கிளறிப் போட்டுவிட்டுப் போவதுதான் அதிகம். உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதை உண்டு. மலையடிவாரம் என்றால் காட்டிலிருந்து வருகின்றன. மலையே இல்லாத சமவெளியில், தூர்ந்துபோன கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் புதரே அவற்றுக்குக் குடும்பம் நடத்த இடமாகிவிட்டது.

இந்த நிலையில், 2025 ஜனவரியில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்குத் தமிழக அரசு வழிவகுத்தது. செய்தியின் பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியது. "இனி பன்றியை நாமே சுடலாமாம்" என்று டீக்கடைகளில் பேச்சு கிளம்பியது. அடுத்த கட்டமாக, செல்போனில் 'ரைபிள் ஸ்கோப்' என்று தேடுபவர்களும் உண்டு. 3-9×40, மில்-டாட், எஃப்.எஃப்.பி என்று திரையில் வரும் வார்த்தைகளைப் பார்த்துக் குழம்பிப்போகிறவர்களும் உண்டு.

ஸ்கோப் என்பது என்ன, அதிலுள்ள கோடுகள் எதற்கு, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், முக்கியமாக நம் ஊரில் அதை யார் பயன்படுத்தலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம்: யார் சுடலாம்?

அரசின் அறிவிப்பு நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ தூரத்துக்குள் என்றால் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ-க்கு அப்பால் என்றால்தான் சுடலாம். அதையும் செய்ய வேண்டியவர்கள் வனத்துறையினர். விவசாயி அல்ல, அவருடைய மைத்துனரும் அல்ல.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சிறுமலை அடிவாரத்திலோ அழகர்மலை அடிவாரத்திலோ தோட்டம் வைத்திருப்பவருக்கும், திருமங்கலம் பக்கம் மலையே கண்ணில் படாத கரிசலில் பருத்தி போட்டிருப்பவருக்கும் ஒரே விதி கிடையாது. அதனால், பக்கத்து ஊரில் சுட்டார்கள் என்பது நம் ஊருக்கு ஆதாரம் ஆகாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி வேட்டை தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு அர்த்தம் பெரியது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். குறி தவறிவிட்டது என்பதால் தப்பிக்க முடியாது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி, முயல் எல்லாம் இரண்டாவது அட்டவணையில் இருக்கின்றன. மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்ந்து. மயில், உடும்பு போன்றவை முதல் அட்டவணை. அங்கே தண்டனையே 3 ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது, 7 ஆண்டு வரை போகலாம். வேட்டைக்குப் போன வண்டியும் டார்ச்சும் துப்பாக்கியும் பறிமுதல் ஆகும். சிவராத்திரியை ஒட்டிப் பல ஊர்களில் நடந்துவந்த பாரிவேட்டைக்கும் இதே சட்டம்தான்.

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆயுதச் சட்டம், 1959 பயிர்ப் பாதுகாப்புக்கென்றே தனியாக ஓர் உரிமத்தைக் குறிப்பிடுகிறது. அது குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான உரிமம். ஆனால், அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தானே தவிர, காட்டு விலங்கைக் கொல்ல அல்ல. அதற்கு வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழியே இல்லாத நிலை. தன்னையோ இன்னொருவரையோ காப்பதற்காக நல்லெண்ணத்துடன் செய்தது குற்றமாகாது என்கிறது வனவிலங்குச் சட்டம். அப்போதும், செத்த விலங்கு அரசின் சொத்து. குழம்பு வைக்க முடியாது!

கேரளாவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே எடுக்கப்பட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே அதையே செய்யலாம் என்று நினைப்பவர்கள், எல்லை தாண்டினால் விதியும் மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

3-9×40: இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் சின்ன தொலைநோக்கி. 3-9 என்றால் பொருளை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். 40 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

மடங்கு கூடக்கூட நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். உண்மை வேறு. இந்த வகை ஸ்கோப்பில் 3 மடங்கில் வைத்தால், 100 மீட்டர் தொலைவில் சுமார் 11 மீட்டர் அகலம் கண்ணுக்குத் தெரியும். 9 மடங்கில் வைத்தால் தெரிவது 4 மீட்டருக்கும் குறைவு. வயலில் பன்றி நிற்பது பெரும்பாலும் 30, 40 மீட்டரில். அங்கே 9 மடங்கில் பார்த்தால் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் தெரியும். பன்றியின் முதுகு மயிர் தெரியும். அது தலையா வாலா என்பது தெரியாது. அதற்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்ச வந்த ஆள் நிற்கிறாரா என்பது சுத்தமாகத் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். பன்றி வருவது அந்தி சாய்ந்த பிறகு. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. அதே 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 மி.மீ. இளவயதில் இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மி.மீ வரை விரியும். வயது ஏறினால் 5 மி.மீ அளவுக்குக் குறைந்துவிடும். அதனால்தான், இருட்ட ஆரம்பித்ததும் மடங்கைக் குறைத்தால் காட்சி பளிச்சென்று ஆகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர் பெரிய கண்ணாடி வைத்த விலை உயர்ந்த ஸ்கோப் வாங்கினாலும், அந்தக் கூடுதல் ஒளி முழுவதும் அவர் கண்ணுக்குள் போகாது.

மூன்றாவது, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளி. பெரிய துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். இடைவெளி 3 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் அரைவட்டமாக வெட்டிவிடும். துப்பாக்கி சுடுபவர்கள் நிறையப் பேர் நெற்றியில் அந்தத் தழும்பு இருப்பதைப் பார்க்கலாம்.

சிலந்தி நூலில் தொடங்கிய கோடு

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டின் பெயர் ரெட்டிகிள். 1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கேஸ்காயின் என்ற வானியல் ஆர்வலரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டதாகவும், அது நட்சத்திரத்தோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்ததைக் கண்டு அவர் இந்த உத்தியைக் கண்டுபிடித்ததாகவும் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர் காலம் வரையிலும் கருவிகளுக்குள் நிஜமான சிலந்தி நூலைக் கட்டினார்கள். இன்று மெல்லிய கம்பியாகவோ, கண்ணாடியில் பொறித்த கோடாகவோ இருக்கிறது.

ரெட்டிகிளில் பல வகை. சாதாரண மெல்லிய குறுக்குக்கோடு பகலில், காகித இலக்குக்கு நல்லது. ஆனால், இருட்டில் கறுப்புப் பன்றியின் மேல் கறுப்பு நூலை வைத்தால் எது எது என்று தெரியாது. இதற்காக வந்ததுதான் 'டூப்ளெக்ஸ்'. ஓரங்களில் கோடு தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். நடுக்கோடு தெரியாவிட்டாலும் தடித்த ஓரங்கள் கண்ணை நடுவுக்கு இழுத்துப்போகும். 'ஜெர்மன் 4' என்ற வகையில் இடம், வலம், கீழே என மூன்று தடித்த கம்பங்கள். மேல்பக்கம் மட்டும் மெல்லிய கோடு. ஐரோப்பாவில் அந்திநேரப் பன்றி வேட்டைக்காரர்களுக்கு இது பிடித்த வகை.

நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் வகையும் உண்டு. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒளியை மிகவும் குறைக்க முடிகிற ஸ்கோப்தான் நல்ல ஸ்கோப். புள்ளி பளீரென்று எரிந்தால், இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போய், எதிரே இருப்பது எதுவும் தெரியாது.

புள்ளி வைத்த கோலம் எதற்கு?

சில ரெட்டிகிள்கள் கோலப்புள்ளி வைத்ததுபோல இருக்கும். இவை தூரத்தையும் குண்டின் சரிவையும் கணக்கிட உதவுபவை. இரண்டு அளவு முறைகள் உண்டு. 'மில்' என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 'எம்.ஓ.ஏ' என்பது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். மீட்டரில் பழகிய நமக்கு முதலாவது சுலபம்.

கணக்கு இப்படிப் போகும். 80 செ.மீ உயரப் பன்றி ஸ்கோப்பில் 8 மில் உயரத்துக்குத் தெரிந்தால் அது 100 மீட்டரில் நிற்கிறது. 4 மில் என்றால் 200 மீட்டர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், அந்தப் பன்றியின் உயரம் 80 செ.மீ என்று யார் அளந்தது? அது 60 செ.மீ உயரமுள்ள இளம் பன்றி என்றால், 100 மீட்டர் என்று நினைத்த இடம் உண்மையில் 75 மீட்டர். புள்ளிகள் சரியாகத்தான் அளக்கும்; தவறுவது நம் ஊகம். அதனால்தான் தொழில்முறையாளர்கள் லேசர் தூரமானியைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் எஃப்.எஃப்.பி, எஸ்.எஃப்.பி. முதல் வகையில் மடங்கைக் கூட்டும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். அளவு எப்போதும் சரியாக இருக்கும். ஆனால், குறைந்த மடங்கில் கோடுகள் மெலிந்து மறைந்துவிடும். இரண்டாவது வகையில் கோடு ஒரே அளவில் தெரியும். ஆனால், புள்ளிக்கணக்கு ஒரு குறிப்பிட்ட மடங்கில் மட்டுமே சரியாக வரும். கிட்டத்திலிருந்து, மங்கிய வெளிச்சத்தில் சுடுபவருக்குப் புள்ளிக்கோலம் தேவையே இல்லை. தடித்த ஓரமும் தெளிவான நடுவும் போதும். விலையை ஏற்றுவதில் பாதி, பயன்படாத கோடுகள்தான்.

ஏர்கன் என்றால் பரவாயில்லையா?

0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ-க்கு மேற்படாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் பல வீடுகளில் பரணில் ஒன்று கிடக்கிறது. உரிமம் வேண்டாம் என்பதால் கண்மாய்க்கரையில் கொக்கையும் கௌதாரியையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. அதுவும் வேட்டைதான். பன்றிக்கு முன்னால் அது விளையாட்டுச் சாமான். காயப்பட்ட பன்றி திரும்பி மனிதனைத்தான் கிழிக்கும்.

ஏர்கனுக்கு ஸ்கோப் வாங்கும் இளைஞர்கள் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்பிரிங் ஏர்கன் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் உதறும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த இருபக்க உதறலில் உள்ளுக்குள் கழன்றுபோகும். ஏர்கனுக்கென்றே தயாரானது என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குவதுதான் சரி. அதோடு, சாதாரண ஸ்கோப்பின் பார்வை 100 கஜத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். 10, 20 மீட்டரில் அதை வைத்தால், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கோடு இலக்கின் மேல் நகரும். பாரலாக்ஸ் என்பது இதுதான்.

சுட வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு நேர்வழி, விளையாட்டு. மதுரையிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. சுவாரஸ்யம் என்னவென்றால், ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கே இடமில்லை. சின்னத் துளை வழியாகப் பார்த்து, வெறும் 0.5 மி.மீ அளவுள்ள நடுப்புள்ளியைத் தொட வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நின்று சுட்டது அப்படித்தான்.

ஸ்கோப்பில் தேடாதே!

துப்பாக்கிப் பயிற்சியில் சொல்லித்தரும் முக்கியமான பாடம் இது. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ, துப்பாக்கியின் வாயும் அங்கேதான் பார்க்கிறது. "அங்க ஏதோ அசையுதே, என்னான்னு பாப்போம்" என்று ஸ்கோப்பைத் திருப்பினால், அசைவது ராக்காவல் இருக்கும் பெரியவராகவும் இருக்கலாம். தேடுவதற்கு பைனாகுலர், முடிவு செய்த பிறகுதான் ஸ்கோப்.

மதுரைச் சமவெளியில் இது இன்னும் முக்கியம். இங்கே காடு என்று தனியாக எதுவும் இல்லை. வயல், அடுத்து களம், அடுத்து ஊர், நடுவில் நான்குவழிச் சாலை. சின்ன .22 ரைபிளின் குண்டே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் என்கிறபோது, பெரிய ரைபிள் குண்டு குறி தவறினால் எங்கே போய் நிற்கும்? வெயில் காலத்தில் கரிசல் மண்ணின் மேல் நெளியும் கானல், இலக்கையே இடம் மாற்றிக் காட்டும். இந்தக் குறைகளை எந்த ஸ்கோப்பும் சரிசெய்யாது. வனத்துறைக்கே இந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பதன் நியாயம் இங்கேதான் புரியும்.

அரிக்கொம்பன் சொன்ன பாடம்

நம் பக்கத்தில் குறிபார்க்கும் வேலை உண்மையில் எவ்வளவு கடினம் என்பதை 2023-ல் தேனி மாவட்டம் பார்த்தது. மே 27-ம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது அரிக்கொம்பன் யானை. அதை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது ஜூன் 5-ம் தேதி அதிகாலையில். அவ்வளவு பெரிய யானை, கழுத்தில் ரேடியோ காலர் வேறு. இருந்தும் ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மயக்க ஊசி ரைபிள் குண்டைப்போலப் பாயாது. மெதுவாக, வளைந்து போகும். சில பத்து மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். தூரத்தை அளந்து, அதற்கேற்ப வாயு அழுத்தத்தை வைக்க வேண்டும். குறைந்தால் ஊசி தரையில் விழும். கூடினால் எலும்பில் பட்டுக் காயமாகும். தொடை, தோள் போன்ற சதைப்பற்றான இடத்தில் பட்டால்தான் மருந்து ஏறும். ஊசி பட்ட பிறகு யானை எந்தப் பக்கம் ஓடும், அங்கே கிணறு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். குறி என்பது விரலை அழுத்தும் ஒரு நொடி, மற்றதெல்லாம் பொறுமை.

விவசாயி என்னதான் செய்வது?

நஷ்டம் நிஜம். சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனால் வயிறு நிறையாது. அதற்காக நேரடி மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் பன்றியோடு நிற்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. கம்பியைக் கட்டியவர் கைதானார். இதே மாதிரி வேலிகளில் சொந்த வீட்டு ஆட்களே மாட்டி உயிரிழந்த செய்திகளும் வருகின்றன.

பயிர் அழிந்த அன்றே தேதி தெரியும்படி செல்போனில் போட்டோ, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளறிய மண், கால்தடம், எச்சம் எல்லாம் அதில் தெரியட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்துபூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை. உங்கள் ஊர் மூன்று பிரிவில் எதில் வருகிறது என்று கேட்பதற்கும் இதுதான் சமயம். தனித்தனியாகப் போவதைவிட, பாதிக்கப்பட்ட பத்துப் பேர் சேர்ந்து சர்வே எண்ணோடு ஒரே மனுவாகக் கொடுத்தால் வனத்துறைக்கும் பன்றிக்கூட்டத்தின் நடமாட்டம் தெளிவாகும்.

சோலார் வேலி போடுவதாக இருந்தால், 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து, உரிய அளவு மின்துடிப்பு மட்டும் வரும் கருவியைப் பொருத்துங்கள். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்ற ஊராட்சியில் கேளுங்கள். பன்றி பகலில் படுத்திருக்கும் இடம் அதுதான். அது போனால் பாதித் தொல்லை போகும்.

ஸ்கோப்புக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கலாம். பன்றி எந்தப் பக்கம் வருகிறது, எத்தனை வருகிறது, எங்கே போய்ப் படுக்கிறது என்று பத்து நாள் பார்த்துக் குறித்து வைத்த நோட்டு, வனச்சரகரின் மேஜையில் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் பேசும்.